சுகிர்தத்தின் கட்டைவிரல்

குத்துக்கல்வலசை சுகிர்தத்துக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே செங்கோட்டை வரை வருவாள். சர்ச்சில் பிரசங்கம் நீண்டுபோனால் மடியில் கிடக்கும் அவள் கைகள் தாமாக ஆட ஆரம்பித்துவிடும். வலது கை ஒரு தட்டு, இடது கட்டைவிரல் ஒரு திருப்பு, மறுபடி வலது கை லேசாக ஒரு தட்டு. பக்கத்தில் இருப்பவள், ஏதோ பாட்டுக்குத் தாளம் போடுகிறாள் என்று நினைப்பாள். பாட்டுமில்லை ஒன்றுமில்லை. முந்திரிக்கொட்டை உடைக்கிற கை அது, ஞாயிற்றுக்கிழமை என்று அதற்கு யார் போய்ச் சொல்வது?

செங்கோட்டையிலிருந்து புளியரை போகிற வழியில் அந்த அண்டி ஆபீஸ் இருக்கிறது. அண்டி என்றால் முந்திரிக்கொட்டை. ஆபீஸ் என்றால் மேசை நாற்காலி போட்ட ஆபீஸ் இல்லை, ஃபேக்டரி. கொல்லத்து முதலாளிமார் சொல்லிச் சொல்லி இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. பதினாறு வயதில் அங்கே போய் உட்கார்ந்த சுகிர்தத்துக்கு இப்போது நாற்பத்தொன்பது. உட்கார்ந்தாள் என்று சொன்னால் அந்த ஒரு இடத்தில்தான் உட்கார்ந்தாள்.

வேலை பார்க்க எளிதாகத்தான் தெரியும். வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்து, அதன் முதுகில் மரக்கட்டையால் ஒரு தட்டு. கட்டைவிரலால் கொட்டையை ஒரு திருப்பு. வயிற்றுப் பள்ளத்தில் இன்னொரு தட்டு. ஓடு பிளந்து பருப்பு முழுசாக விழவேண்டும். உடைந்தால் விலை பாதி. சுகிர்தம் நூறு கொட்டை உடைத்தால் தொண்ணூற்றைந்து முழுசாக விழும். எல்லாம் அந்தத் திருப்பில் இருந்தது. எவ்வளவு திருப்புவது, எந்த நேரத்தில் திருப்புவது என்று அவளைக் கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. கட்டைவிரலுக்குத் தெரியும்.

ஓட்டுக்குள் இருக்கிற எண்ணெய் பொல்லாதது, தோலைத் தின்றுவிடும். அதற்குத்தான் விரலில் சாம்பலைப் பூசிக்கொண்டு உட்கார்வார்கள். பூசினாலும் முப்பத்துமூன்று வருடத்தில் அவள் விரல் ரேகை அழிந்துபோயிற்று. ரேஷன் கடை மிஷினில் கையை வைத்தால் அது ஒப்புக்கொள்வதில்லை.

“இத்தனை வருசமா இந்தக் கடைக்குத்தான் வாறேன், இந்தப் பெட்டிக்கு என்னத் தெரியலையாம்லா!” என்று அவள் சத்தம் போட, கடைசியில் புருஷன் எபனேசர் லோடு ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு வந்து விரல் வைப்பான்.

கொட்டை வருவதெல்லாம் ஆப்பிரிக்காவிலிருந்து. தூத்துக்குடியில் கப்பல் இறங்கி, மூட்டை மூட்டையாக லாரியில் வரும். ஐவரி கோஸ்ட், கானா, தான்சானியா, பெனின். சுகிர்தம் ஐந்தாம் வகுப்புதான், ஆனால் மூட்டையைத் திறந்து ஒரு கை அள்ளினால் எந்த நாட்டுக் கொட்டை என்று சொல்லிவிடுவாள். பெனின் கொட்டை குட்டையாக இருக்கும், பருப்பு கெட்டியாக இருக்கும். மூட்டையின் அடியில் செம்மண் தூசி கிடக்கும். ஒருமுறை ஒரு நீலச் சட்டைப் பித்தான் கிடந்தது. அதை அவள் இன்னும் வேத வசனக் காலண்டரின் ஆணியில் மாட்டிவைத்திருக்கிறாள்.

தெருவில் மற்றப் பெண்கள் சீரியல் பார்க்கும் நேரத்தில் அவள் போனில் ஆப்பிரிக்கா செய்தி பார்ப்பாள். எந்த நாட்டில் தேர்தல், எந்த நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, எந்தத் துறைமுகத்தில் வேலைநிறுத்தம் என்று அவளிடம் கேட்கலாம். எபனேசர் சிரிப்பான்.

“ஏட்டி, நம்ம வார்டு கவுன்சிலர் பேரு ஒனக்குத் தெரியுமா?”

“அந்தாளு வந்தாலும் போனாலும் எனக்கு என்ன? அங்கன துப்பாக்கி வெடிச்சா இங்கன ஆபீஸ்ல சங்கு ஊதாதுல்லா.”

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. பெனின் அரசாங்கம், இனிமேல் கொட்டையாக ஏற்றமாட்டோம், எங்கள் ஊரிலேயே உடைத்துப் பருப்பாகத்தான் ஏற்றுவோம் என்று சட்டம் போட்டதிலிருந்து அந்தக் குட்டைக் கொட்டை வருவது நின்றுபோயிற்று. ஆபீஸில் வருடத்துக்கு மூன்று மாதம் வேலைச் சங்கு ஊதுவதில்லை.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு ஆனி மாதத் திங்கட்கிழமை மேனேஜர் விஜயசங்கர் ஓர் ஆப்பிரிக்கப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். நல்ல உயரம், நாற்பதைத் தாண்டிய வயது, தலைமுடியைச் சின்னச் சின்னப் பின்னலாகப் பின்னி ஒரே கொண்டையாகக் கட்டியிருந்தாள். பெயர் அபேனி. பெனின்காரி.

“நம்ம முதலாளி அந்த ஊர்ல ஒரு ஃபேக்டரில கூட்டுச் சேர்ந்திருக்காரு” என்றார் மேனேஜர், மீசையைத் தடவிக்கொண்டே. “சுகிர்தம், நீதான் இவளுக்குச் சொல்லிக்குடுக்கணும். பதினஞ்சு நாள். கடைசி நாள் நூறு கொட்டை உடைச்சா தொண்ணூறு முழுசா விழணும். விழுந்தா அங்கன முந்நூறு பொம்பளைங்களுக்கு இவதான் மேஸ்திரி. விழலைன்னா வேற ஆளு.”

அன்று மதியம் தண்ணீர்க் குழாயடியில் கூட்டம் போட்டார்கள். மாரிதான் முதலில் பேசினாள். சுகிர்தத்துக்குப் பக்கத்துக் கல்லில் இருபது வருடமாக உட்கார்ந்திருப்பவள், வாய் அவளுக்கு மரக்கட்டையைவிட ஓங்கி விழும்.

“முந்நூறு பேராம்ட்டி! அந்த முந்நூறு பேரும் உடைச்சா நம்ம என்னத்த உடைக்க? மண்டையவா? ஒருத்தியும் அவகூடப் பேசப்பிடாது. ஒருத்தியும் அவ முன்னால கையக் காட்டப்பிடாது.”

பருப்புத் தரம் பிரிக்கிற ஹைருன் பீவி, வயதில் மூத்தவள், மெதுவாகக் கேட்டாள்: “சுகிர்தம் சொல்லிக்குடுக்கணும்னு சொல்லிருக்காரே தாயி?”

“சொல்லிக்குடுக்கட்டும். ஒடைஞ்சு போற மாதிரி சொல்லிக்குடுக்கட்டும்.”

எல்லோரும் சுகிர்தத்தைப் பார்த்தார்கள். அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். ஆட்டியது ஆட்டியதுதான்.

மறுநாள் மூட்டை அடுக்குக்குப் பின்னால் இரண்டு கல்லைப் போட்டு அபேனியை உட்கார வைத்தாள். முதுகில் ஒரே போடு, பலமாக, அவ்வளவுதான் என்று செய்துகாட்டினாள். திருப்பு இல்லை, இரண்டாவது தட்டும் இல்லை. அப்படிக் காட்டுவதற்குள் அவளுக்கு வேர்த்துவிட்டது. விட்டால் இடது கட்டைவிரல் தானாகத் திரும்பிவிடும், அதை உள்ளங்கைக்குள் மடக்கிப் பிடித்துக்கொண்டு காட்டினாள். சாம்பல் தட்டையும் எடுத்து வைக்கவில்லை.

அபேனி நூறு கொட்டை உடைத்தாள். நாற்பத்தெட்டு முழுசு. மற்ற பெண்கள் எப்படி உடைக்கிறார்கள் என்று பார்க்க அவள் எழுந்து வந்தால், அந்த வரிசை முழுக்க முப்பது பேரும் ஒரே நேரத்தில் கையை நிறுத்திவிட்டு முந்தானையால் முகம் துடைப்பார்கள். அவள் போனதும் டக் டக்கென்று சத்தம் தொடங்கும். நாலு நாள் இப்படியே போயிற்று. ஐந்தாம் நாள் அபேனி போனில் யாருடனோ பேசிக்கொண்டே அழுததை ஹைருன் பீவி பார்த்தாள்.

அந்த நாலைந்து நாளும் சுகிர்தம் வீட்டில் நிலைகொள்ளவில்லை. குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்குப் போவாள், வாசலிலிருந்து குழாய்க்குப் போவாள். குழம்பு அடிப்பிடிக்கும். “ஒனக்கு என்னமும் செய்யுதா?” என்று எபனேசர் கேட்டால், “ஒண்ணுஞ் செய்யல” என்று எரிந்து விழுவாள்.

ஆறாம் நாள் காலையில் அபேனி இதுவரை உடுத்தாத ஒரு துணியை உடுத்திக்கொண்டு வந்தாள். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை சுற்றிய மஞ்சள் துணி. அந்தத் துணி பூராவும் ஓர் ஆணின் முகம். கண்ணாடி போட்டு, கழுத்தில் டை கட்டி, தட்டு அளவுக்கு வட்டம் வட்டமாக, முன்னால் மூன்று, பின்னால் மூன்று. ஒவ்வொரு வட்டத்துக்கும் அடியில் ஏதோ எழுத்து, ஒரு தேதி.

மாரி கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தாள்.

“எக்கா, அது அவ புருசன்லா?”

“படத்துக்கு அடியில தேதி போட்டிருக்கு பாரு” என்றாள் ஹைருன் பீவி. “மவுத்தான தேதி. அதான் நேத்து அப்படி அழுதிருக்கா. யா அல்லாஹ், தூரதேசத்துல வந்து இருக்கயில...”

நம் ஊரில் கண்ணாடி போட்ட ஒருவர் முகத்துக்கு அடியில் தேதி போட்டிருந்தால் அதற்கு வேறு என்ன அர்த்தம்? தென்காசி பஸ் ஸ்டாண்டிலிருந்து யானைப்பாலம் வரை சுவரில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்தால் தெரியாதா? வரிசை முழுக்க வேலை நின்றுபோயிற்று. கடைசியில், பேசக்கூடாது என்று சட்டம் போட்ட மாரியே முந்தானையை உதறி எழுந்தாள்.

“சண்டை கெடக்கட்டும்ட்டி. ஒருத்தி தாலியறுத்துட்டு நிக்கா, துட்டி கேக்காம இருந்தா நம்ம மனுசியளா?”

சாப்பாட்டு மணி அடித்ததும் பத்துப் பன்னிரண்டு பேர் துக்கம் விசாரிக்க, ஆபீஸுக்குப் பின்னால் அபேனி தங்கியிருந்த அறைக்குப் போனார்கள். சுகிர்தமும் போனாள். அபேனி தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு இருந்தாள். மாரி போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “என்னப் பெத்த மகளே, ஒன்னத் தவிக்க விட்டுட்டுப் போயிட்டாரே” என்று குரல் எடுத்தாள். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார்கள். அபேனி முதலில் பயந்துபோனாள். தனக்குத் தெரியாமல் ஊரில் ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்துவிட்டாள். போனை எடுத்து அதில் ஏதோ சொன்னாள். போனுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், செய்தி வாசிக்கிறவளைப் போலக் கேட்டது:

“தாங்கள் அனைவரும் எதற்காக அழுகிறீர்கள்?”

சுகிர்தம் போனுக்குக் கிட்டே குனிந்து, “இவ வீட்டுக்காரர் எறந்துட்டார்லா, அதுக்கு” என்று சொல்லி, துணியைத் தொட்டுக் காட்டினாள்.

போன் அதை அவள் பாஷையில் சொல்லிற்று. அபேனி துணியைப் பார்த்தாள். பெண்களைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவள்தான், சோற்றுத் தட்டு ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். கண்ணில் தண்ணீர் வந்து பாயில் சாய்ந்துவிட்டாள்.

அவள் புருஷன் கல்லுப்போல இருக்கிறான், மோட்டார் சைக்கிளில் வாடகைக்கு ஆள் ஏற்றுகிறான். இந்தக் கண்ணாடிக்காரர் அவர்கள் தொகுதியில் தேர்தலுக்கு நின்றவர். அங்கே தேர்தல் என்றால் வேட்பாளர் தன் முகத்தைத் துணியில் அச்சடித்துக் கொடுப்பாராம். ஊர்ப் பெண்கள் அதை உடுத்திக்கொண்டு ஊர்வலம் போவார்களாம். தேதி, ஓட்டுப் போடுகிற தேதி.

“செயிச்சாரா?” என்றாள் மாரி, மூக்கைத் துடைத்துக்கொண்டே.

“வெற்றி பெற்றார். எங்கள் ஊருக்கு ஆலை கொண்டுவருவதாகச் சொன்னார். அதன் பிறகு வரவில்லை.”

“அப்ப நம்ம ஆளுதான்!”

அறையே கலகலத்துப்போயிற்று. ஹைருன் பீவி மட்டும் விடவில்லை.

“எல்லாஞ் சரி, உக்காருத எடத்துலல்லா அவரு மொகம் இருக்கு? பெரிய மனுசனப் போய் அப்படி...”

போன் கேட்டுச் சொன்னதும் அபேனி எழுந்து நின்று, திரும்பி, பின்பக்கத்தைக் காட்டினாள். அந்த முகம் அங்கே தற்செயலாக வரவில்லை. அவர் ஊருக்கு வராமல் போன மறு வருடம், துணியை எப்படிச் சுற்றினால் அவர் முகம் சரியாக அந்த இடத்துக்கு வரும் என்று அவள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் கற்றுவைத்திருக்கிறார்கள். சந்தையில் அவர் கட்சிக்காரர்களுக்கு எதிரே போய் நிதானமாக உட்கார்வார்களாம்.

மாரி தரையை அடித்து அடித்துச் சிரித்தாள்.

அபேனிக்கு உற்சாகம் வந்துவிட்டது. போனில் ஒரு வீடியோவைப் போட்டாள். அவள் தம்பி முகமூடி செதுக்குகிறவன். கெலெதே என்று ஓர் ஆட்டம், ஊர்த் தாய்மாரைக் குளிரவைக்க ஆடுவது. நம் சுடலைமாடன் கோயில் கொடை மாதிரி மேளம் முழங்க, முகமூடியைத் தலைக்குமேல் கவிழ்த்துக்கொண்டு ஆண்கள் ஆடுகிறார்கள். முகமூடியின் உச்சியில் மரத்தில் செய்த பொம்மைக் கூட்டம் ஒன்று இருக்கும். வருடத்துக்கு வருடம் அது மாறும், அந்த வருடம் ஊரில் யாரைக் கிண்டல் செய்யவேண்டுமோ அவர் அதில் இருப்பார். இந்த வீடியோவில் இருந்தது ஒரு தராசு, அதன் ஒரு தட்டில் முந்திரி மூட்டை. பக்கத்தில் தடித்த மீசையோடு, வெள்ளைச் சட்டையோடு ஓர் ஆள், கால் பெருவிரலால் எடைக்கல் இருந்த மறு தட்டை அமுக்கிக்கொண்டிருந்தான்.

“ஏட்டி, இது நம்ம மேனேஜர்லா!” என்று யாரோ கத்தினாள்.

“இந்திய வியாபாரி” என்றது போன்.

சிரித்தார்கள். ஆனால் கொஞ்சம் குறைவாகச் சிரித்தார்கள். தராசில் இருந்த மூட்டைக்கு அடியில் நாலைந்து பெண் பொம்மைகள் வெறுங்கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். சங்கு ஊதிற்று, எழுந்து போனார்கள்.

போகும் வழியில் மாரி சொன்னாள்: “நல்லவதான். அதுக்காவ நம்ம சோத்த எடுத்து அவளுக்குப் போட்டுற முடியுமா? சொன்னது சொன்னதுதான் எக்கா.”

ஞாயிற்றுக்கிழமை சுகிர்தம் சர்ச் முடிந்த கையோடு அபேனியைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனாள். ஏன் கூட்டிப்போனாள் என்று கேட்டால், வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். சீசன் கூட்டம். சாரல் முகத்தில் அடித்தது. தண்ணீர் கூடிப்போனதால் மெயின் அருவியில் சங்கிலி கட்டிக் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். ஒரு குடும்பம் அபேனியை நடுவில் நிறுத்திப் போட்டோ எடுக்க வந்தது. பிறகு இன்னொரு குடும்பம். மூன்றாவதாக ஒருவன் போனை நீட்டியதும் சுகிர்தம் நடுவில் புகுந்தாள்.

“அவ என்ன ஐந்தருவியா, பக்கத்துல நின்னு படம் எடுக்க? போங்கய்யா அங்கிட்டு!”

சங்கிலியைத் தாண்டித் தெறித்த தண்ணீரில் அபேனி ஆசையாகக் கையை நீட்டினாள். நீட்டியவள் ஸ்ஸென்று இழுத்துக்கொண்டாள். சுகிர்தம் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். ஐந்து விரல் நுனியிலும் தோல் உரிந்து சிவந்துகிடந்தது. சாம்பல் இல்லாமல் எண்ணெய் தின்ற விரல்கள்.

“இவ்வளவு வலிக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை” என்றது போன். “விமான நிலையத்தில் விரல் வைக்க வேண்டும். அந்த இயந்திரம் என்னை ஏற்குமா?”

ரேஷன் கடைப் பெட்டிக்கு முன்னால் நிற்கிற மாதிரி சுகிர்தத்துக்கு முகம் சுட்டது. பஸ்ஸில் வரும்போது இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தாள். தென்காசி வரை அபேனியின் முகத்தைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை சாம்பல் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து அபேனிக்கு முன்னால் வைத்தாள். மூட்டை அடுக்குக்குப் பின்னால் இல்லை, வரிசையில், தன் கல்லுக்கு எதிரே. முப்பது பேரும் பார்க்க, அபேனியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துச் சாம்பல் பூசினாள். பிறகு அவள் கட்டைவிரல்மேல் தன் கட்டைவிரலை வைத்து, ஒரு தட்டு, ஒரு திருப்பு, லேசாக ஒரு தட்டு.

“எக்கா!” என்றாள் மாரி.

“கேட்டுட்டுதான் இருக்கேன், சொல்லு.”

“தலையாட்டுனியே?”

“ஆட்டுனேன். தப்பா ஆட்டிட்டேன். அவ விரலப் பாரு.”

மாரி பார்க்கவில்லை. அன்றிலிருந்து பேசவும் இல்லை. சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய் உட்கார்ந்தாள். சுகிர்தம் போய்ச் சமாதானம் சொல்லவில்லை, அது அவளுக்கு வராது. எட்டு நாளும் வீட்டில் குழம்பு அடிப்பிடித்துக்கொண்டேதான் இருந்தது. தான் செய்வது சரியென்று ஒரு நாளும் அவள் சொல்லவில்லை. ஆனாலும் சாம்பல் தட்டை எடுத்துவைக்காமலும் இருக்கவில்லை.

பதினைந்தாம் நாள் கொல்லத்திலிருந்து முதலாளி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மேனேஜர் நூறு கொட்டையை எண்ணி வைத்தார். அபேனி உடைத்தாள். ஹைருன் பீவி பருப்பைப் பொறுக்கி எண்ணினாள். எண்பத்தொன்பது.

“ஒண்ணு கொறையுது” என்றார் மேனேஜர்.

“எங்க கொறையுது?” சுகிர்தம் உடைந்த பருப்புக் குவியலில் கைவிட்டு மூன்றைப் பொறுக்கி எடுத்தாள். “இத மோந்து பாருங்க சார். மூணும் உள்ளயே அழுகுன கொட்டை. அழுகுனதுக்கு அவ என்ன செய்வா? எங்களுக்கு எடை போடையில அழுகுனதக் கழிப்பீங்கல்லா? இப்பவும் கழிங்க. கழிச்சுட்டு வேற மூணு குடுங்க.”

“சுகிர்தம், முதலாளி இருக்காரு...”

“இருக்கட்டுமே. அவரும் மோந்து பாக்கட்டும்.”

முதலாளி உண்மையிலேயே மோந்து பார்த்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு, சரி, மூன்று கொடு என்றார். மேனேஜர் சுற்றிலும் பார்த்தார். எல்லாக் கூடையிலும் கொட்டை இருந்தது, எந்தக் கையும் அசையவில்லை. அப்போது பின்னாலிருந்து மூன்று கொட்டை உருண்டு வந்து அபேனியின் கல்லில் முட்டி நின்றன. மாரி பொறுக்கி எடுத்த கொட்டை, மூன்றும் நல்ல கொட்டை.

“அவளுக்காவ இல்ல” என்றாள் மாரி, யார் முகத்தையும் பார்க்காமல். “எடைன்னா எல்லாத்துக்கும் ஒரே எடையா இருக்கணும். எவனும் பெருவெரல வச்சு அமுக்கப்பிடாது.”

மேனேஜருக்கு ஏன் வரிசை முழுக்கச் சிரிக்கிறது என்று புரியவில்லை. மீசையைத் தடவினார். சிரிப்பு இன்னும் கூடிற்று. மூன்று பருப்பும் முழுசாக விழுந்தன, மொத்தம் தொண்ணூற்றிரண்டு.

இது நடந்து ஒன்பது மாதமாகிறது. இப்போது ஆபீஸில் வாரத்துக்கு நாலு நாள்தான் சங்கு ஊதுகிறது. அது பெனினால்தானா, வேறு எதனாலோ, யாருக்கும் சரியாகத் தெரியாது. மாரிக்கு மட்டும் தெரியும்.

“நீ குடுத்த வெரலுதான் எக்கா நம்மள வீட்ல உக்கார வச்சிருக்கு” என்பாள். சுகிர்தம் இல்லையென்று சொன்னதில்லை. வேலை இல்லாத நாட்களில் குத்துக்கல்வலசைத் தெருவில் கிழக்கும் மேற்கும் நடப்பாள். நடக்கும்போதும் கை தட்டும், விரல் திரும்பும்.

போன வாரம் அபேனி இரண்டு வீடியோ அனுப்பியிருந்தாள். ஒன்றில் அவள் தம்பி செதுக்கிய புது முகமூடி. உச்சியில் தராசும் இருந்தது, மீசைக்காரனும் இருந்தான். அவனுக்கு எதிரே சேலை கட்டிய ஒரு பொம்மை, இடுப்பில் கைவைத்து, அவன் மூக்குக்கு நேரே ஒரு கொட்டையை நீட்டிக்கொண்டு நின்றது. மாரி போனைப் பிடுங்கிப் பார்த்தாள்.

“ஒன்ன இவ்வளவு குண்டாவா செதுக்குவான்? என்ன எங்க? கொட்டை குடுத்தது நான்லா?”

சுகிர்தம் அதைக் காதில் வாங்கவில்லை. இரண்டாவது வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீளமான கொட்டகை, வரிசை வரிசையாகப் பெண்கள், எல்லோர் முன்னாலும் சாம்பல் தட்டு. அபேனி ஒருத்திக்குக் குனிந்து செய்துகாட்டுகிறாள். சுகிர்தம் அதை மறுபடி ஓட்டினாள், மறுபடியும் ஓட்டினாள். பிறகு போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோய், பஸ்ஸில் கூப்பிடுகிறவளைப் போலச் சத்தமாகச் சொன்னாள்:

“அபேனி! மூணாவது வரிசையில செவப்புத் துணி கட்டியிருக்காளே, அவ கட்டைவெரலு வெளிய நிக்கி. உள்ள வாங்கச் சொல்லு. இல்லைன்னா பருப்பு ஒடையும், கேட்டியா?”